வாக்கு இருவருக்கும் 8.38 சதவீதம், இடங்கள் ஒருவருக்கு 34, மற்றவருக்கு 1: இதை எப்படிப் புரிந்துகொள்வது?

தாமிரக்கரை

2006 தமிழகச் சட்டமன்றத் தேர்தலின் கட்சிவாரிப் பட்டியலில் இரண்டு வரிகளைப் பற்றி இங்குள்ளவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன். காங்கிரசும் தேமுதிகவும் மாநில அளவில் பெற்ற வாக்கு ஒரே 8.38 சதவீதம், எண்ணிக்கையிலும் இரண்டும் தலா 27.6 லட்சத்தை ஒட்டியே நிற்கின்றன. ஆனால் காங்கிரசுக்குக் கிடைத்தவை 34 இடங்கள். தேமுதிகவுக்கோ விஜயகாந்த் வென்ற விருத்தாசலம் ஒன்றுதான்.

அதிக வாக்குப் பெற்றவரே வென்றவர் என்னும் நம் தேர்தல் முறை சிறு கட்சிகளுக்குக் கேடானது என்று வழக்கமாக ஒரு விளக்கம் சொல்லப்படுகிறது. ஆனால் 8.38 சதவீதத்தில் காங்கிரசும் சிறு கட்சிதானே? ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்கு வெண்ணெயும் மற்றவருக்குச் சுண்ணாம்பும் வைக்கும் முறையை, அது சிறியவர்களுக்கு எதிரானது என்று மட்டும் சொல்லி விளக்கிவிட முடியுமா? எந்தக் கட்சி நல்லது என்னும் வாதத்தை இந்த இழையில் தவிர்த்து, கணக்கை மட்டும் பேசுவோம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வூதியன்

நீங்கள் எடுத்துக்கொண்ட இரண்டு எண்களும் ஒரே பெயரைக் கொண்டிருந்தாலும் ஒரே பொருளை அளக்கவில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

காங்கிரஸ் அந்தத் தேர்தலில் திமுக கூட்டணியில் 48 தொகுதிகளில் மட்டுமே நின்றது. அதாவது 234இல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மாநிலம் முழுவதற்குமாகக் கணக்கிட்ட 8.38 சதவீதத்தை அந்த 48 தொகுதிகளுக்குள் வைத்துப் பார்த்தால், அங்கே அதன் வேட்பாளர்கள் சராசரியாக நாற்பது சதவீத அளவில் வாக்குப் பெற்றிருக்கிறார்கள் என்று தெரியும். தேமுதிக 232 தொகுதிகளில் தனித்து நின்றது. ஆகவே அதன் 8.38 சதவீதம் தொகுதிக்குள் போனாலும் கிட்டத்தட்ட எட்டரையாகவே இருக்கிறது. மும்முனைப் போட்டியில் நாற்பது சதவீதம் பெரும்பாலும் வெல்லும்; எட்டரை எங்கும் வெல்லாது. இதில் மர்மம் ஏதும் இல்லை.

ஆனால் இன்னொன்றைக் கவனியுங்கள். அந்த 48 தொகுதிகளில் கைச் சின்னத்தில் விழுந்தவை எல்லாம் காங்கிரஸ்காரர்களின் வாக்குகள் அல்ல. திமுக, பாமக, இடதுசாரிகள் ஆகியோரின் ஆதரவாளர்கள் போட்டவையும் அதில் அடக்கம். எதிர்ப்புறமாக, மீதமுள்ள 186 தொகுதிகளில் இருந்த காங்கிரஸ் ஆதரவாளர்களின் வாக்குகள் உதயசூரியனிலும் மாம்பழத்திலும் போய்ச் சேர்ந்து, அந்தந்தக் கட்சியின் கணக்கில் எழுதப்பட்டன. ஆக, பட்டியலில் காங்கிரசுக்கு நேராக இருக்கும் எண், சின்னம் பெற்ற வாக்கைச் சொல்கிறதே தவிர, கட்சிக்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லவில்லை. தேமுதிகவுக்கு நேராக இருக்கும் எண்தான் ஓரளவுக்கு அதன் சொந்த ஆட்பலம்.

இந்தக் குழப்பம் பெரிய கட்சிகளுக்கும் உண்டு. அதே தேர்தலில் அதிமுக 32.64 சதவீதம் பெற்று 61 இடங்களிலும், திமுக 26.46 சதவீதம் பெற்று 96 இடங்களிலும் வென்றன. அதிமுக 188 இடங்களில் நின்றது, திமுக 132 இடங்களில்தான் நின்றது என்பதை மறைத்துவிட்டு, குறைந்த வாக்கு பெற்றவர் ஆட்சி அமைத்தார் என்று இன்றும் மேடைகளில் பேசுகிறார்கள்.

வடபெண்ணை

ஓய்வூதியன் ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆனால் போட்டியிட்ட தொகுதிகளின் எண்ணிக்கை மட்டுமே காரணம் என்று நின்றுவிடக் கூடாது. எங்கள் வட மாவட்டங்களில் நாங்கள் நெருக்கமாகப் பார்த்த ஒரு வரிசையை இங்கே வைக்கிறேன். பாமக 1991இல் 5.9 சதவீதம் பெற்றுப் பண்ருட்டி என்னும் ஓர் இடத்தில் வென்றது. 2001இல் 5.6 சதவீதத்துக்கு 20 இடங்கள். 2006இல் 5.6 சதவீதத்துக்கு 18 இடங்கள். 2011இல் 5.2 சதவீதத்துக்கு 3 இடங்கள். 2016இல் 5.3 சதவீதத்துக்கு ஓர் இடமும் இல்லை.

இந்த ஐந்து தேர்தல்களிலும் வாக்கு வீதம் ஐந்துக்கும் ஆறுக்கும் இடையிலேயே நிற்க, இடங்கள் மட்டும் ஒன்று, இருபது, பதினெட்டு, மூன்று, சுழியம் என்று குதித்திருக்கின்றன. 1991இலும் 2016இலும் தனித்து நின்றது. 2001இல் அதிமுகவோடு 27 இடங்களிலும், 2006இல் திமுகவோடு 31 இடங்களிலும் நின்று வென்ற அணியில் இருந்தது. 2011இல் திமுகவோடு 30 இடங்களில் நின்று தோற்ற அணியில் இருந்தது. எனவே கூட்டணி என்பது சிறு கட்சியின் வாக்கை இடமாக மாற்றித்தரும் உறுதிமொழி அன்று. வெல்லும் அணியில் இருந்தால் ஏற்றத்தைப் பன்மடங்காக்கும். தோற்கும் அணியில் இருந்தால் வீழ்ச்சியையும் அப்படியே ஆக்கும்.

2016 எனக்கு மிக முக்கியமான சான்று. பாமகவின் ஆதரவு மாநிலம் முழுவதும் பரவிக்கிடக்கும் ஒன்று அல்ல. தருமபுரி, சேலம், விழுப்புரம், கடலூர், வேலூர் என்று ஒரு பகுதியில் அடர்ந்து இருப்பது. வாக்கு ஓரிடத்தில் குவிந்திருந்தால் சிறு கட்சி தப்பித்துக்கொள்ளும் என்பது உண்மையானால், முதல்வர் வேட்பாளராக அறிவிக்கப்பட்ட அன்புமணி பென்னாகரத்திலாவது வென்றிருக்க வேண்டும். அவர் இரண்டாம் இடம் பெற்றுத் தோற்றார். குவிதல் என்றாலும் எவ்வளவு குவிதல் என்ற கேள்வி இருக்கிறது. இரண்டு பெரிய அணிகள் வலுவாக நிற்கும் தொகுதியில் முப்பது சதவீதத்துக்கும் பத்து சதவீதத்துக்கும் சட்டமன்றத்தில் வேறுபாடு இல்லை. இரண்டுமே தோல்விதான்.

மதுரைத் தமிழரசி

அப்படியென்றால் தேமுதிகவின் 2011 கணக்கையும் சேர்த்துப் பார்க்கலாம். அதிமுக கூட்டணியில் 41 இடங்களில் நின்று 29இல் வென்றது. மாநில அளவிலான வாக்கோ 7.88 சதவீதமாகக் குறைந்தது. வாக்கு குறைந்து இடம் 29 ஆனது மட்டுமல்லாமல், 22 சதவீதத்துக்கு மேல் பெற்றும் 23 இடங்களோடு நின்ற திமுகவை முந்தி, விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவராகவும் ஆனார். 2016இல் மக்கள் நலக் கூட்டணியோடு நின்றபோது 2.4 சதவீதமும் சுழியமும்.

இதில் எனக்குத் தோன்றுவது வேறொன்று. 2006இல் தேமுதிகவுக்கு வாக்களித்த பலர் 2016இல் அதைக் கைவிட்டதற்குக் கட்சியின் நடத்தை ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வெல்லாத கட்சிக்குப் போட்டு வாக்கை வீணாக்குவானேன் என்ற எண்ணமும் சேர்ந்தே வேலை செய்கிறது. வாக்கு எண்ணும்போது நேரும் இழப்பைத்தான் நாம் பட்டியலில் பார்க்கிறோம். வாக்குச்சாவடிக்குள் போவதற்கு முன்பே மனத்துக்குள் நேரும் இழப்பு எந்தப் பட்டியலிலும் வராது. அடுத்த தேர்தலில் அது குறைந்த சதவீதமாக வந்து நிற்கும்போது, கட்சிக்குச் செல்வாக்கு போய்விட்டது என்று நாமே சொல்லிவிடுகிறோம்.

கொடிகாமம்

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். அடர்த்தி எவ்வளவு இருந்தால் போதும் என்ற வடபெண்ணை அவர்களின் கேள்விக்கு எங்களுடைய 1977ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலைவிடத் தெளிவான விடை கிடைப்பது அரிது என்று எண்ணுகிறேன்.

168 ஆசனங்கள் கொண்ட அந்தத் தேசிய அரசுப் பேரவைக்கு நடந்த தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 50.9 சதவீத வாக்குகளுடன் 140 ஆசனங்களைப் பெற்றது. அதுவரை ஆட்சியிலிருந்த ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 29.7 சதவீதம் பெற்றும் 8 ஆசனங்களோடு நின்றது. தமிழர் விடுதலைக் கூட்டணி பெற்றதோ 6.4 சதவீதம்; அதற்குக் கிடைத்தவை 18 ஆசனங்கள். அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். கூட்டணிக்கு மாத்தறையிலோ குருநாகலிலோ வாக்கு வேண்டியிருக்கவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் தமிழர் பெரும்பான்மையாக வாழ்ந்த தொகுதிகளில் அது முதலாவது கட்சியாக இருந்தது, அவ்வளவே. நாட்டளவில் சிறியது, தொகுதியளவில் பெரியது என்ற நிலைதான் சிறு கட்சிக்கு இந்த முறையில் வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த நிலை. நாட்டளவில் பெரியது, தொகுதிதோறும் இரண்டாவது என்ற நிலையில் சுதந்திரக் கட்சி அகப்பட்டுக்கொண்டது.

அதற்கு முந்திய 1970ஆம் ஆண்டில் இதே விளையாட்டு மறுபுறமாக நடந்தது. அப்போது 37.9 சதவீதம் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்கு 17 ஆசனங்களும், அதைவிடச் சற்றுக் குறைவாக 36.9 சதவீதம் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு 91 ஆசனங்களும் கிடைத்தன. சுதந்திரக் கட்சி இடதுசாரிகளோடு தொகுதிகளைப் பங்கிட்டிருந்தது என்பதால், ஓய்வூதியன் ஐயா சொன்ன அதே எச்சரிக்கை இந்த எண்களுக்கும் பொருந்தும். இரு கட்சிகளும் மாறி மாறி அடிபட்ட பிறகு, 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தை, அதாவது பெற்ற வாக்கு வீதத்துக்கேற்பக் கட்சிகளுக்கு ஆசனம் தரும் முறையைக் கொண்டுவந்தது.

விகிதாசாரம் வந்ததும் எல்லாம் நேராகிவிட்டது என்று தமிழக நண்பர்கள் எண்ணிவிட வேண்டாம். எங்களுடைய விகிதாசாரம் மாவட்ட அடிப்படையிலானது. 225 ஆசனங்களில் 196 மாவட்டங்களிலிருந்தும் 29 தேசியப் பட்டியலிலிருந்தும் வருகின்றன. 2020ஆம் ஆண்டில் 3.84 சதவீதம் பெற்ற தேசிய மக்கள் சக்திக்கு 3 ஆசனங்கள் கிடைத்தன, 2.82 சதவீதம் பெற்ற தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 10. முன்னதன் வாக்குகள் இருபத்திரண்டு மாவட்டங்களில் சிதறியிருந்தன, பின்னதன் வாக்குகள் வடக்கு, கிழக்கு மாவட்டங்களில் திரண்டிருந்தன. நான்கு ஆண்டுகள் கழித்து அதே தேசிய மக்கள் சக்தி 61.56 சதவீதத்தோடு 159 ஆசனங்களை எடுத்தது என்பது வேறு கதை.

தேம்ஸ்கரைத் தமிழன்

கொடிகாமம் அவர்களின் 1977க்கு ஈடாகப் பிரித்தானியாவின் 2024 ஜூலைத் தேர்தலை வைக்கலாம். ரிஃபார்ம் யூகே 14.3 சதவீதம், ஏறத்தாழ 41 லட்சம் வாக்குகள், 5 இடங்கள். லிபரல் டெமாக்ரட் 12.2 சதவீதம், ஏறத்தாழ 35 லட்சம் வாக்குகள், 72 இடங்கள். ரிஃபார்ம் கட்சிக்கு ஓர் உறுப்பினருக்கு எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகள் தேவைப்பட்டன; லிபரல் டெமாக்ரட்டுக்கு ஐம்பதாயிரம்கூடத் தேவைப்படவில்லை. ரிஃபார்ம் 98 தொகுதிகளில் இரண்டாம் இடத்தில் வந்தது. இரண்டாம் இடத்துக்கு இங்கே பரிசு கிடையாது.

ஆனால் இரண்டு கட்சிகளை ஒப்பிடுவதைவிட, லிபரல் டெமாக்ரட்டை அதனோடே ஒப்பிடுவது அதிகப் பயன் தரும். 2010இல் நிக் கிளெக் தலைமையில் அது 23 சதவீதம் பெற்று 57 இடங்களில் வென்றது. 2019இல் 11.6 சதவீதம் பெற்று 11 இடங்கள். 2024இல் 12.2 சதவீதம் பெற்று 72 இடங்கள். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் பெற்றதில் பாதியளவு வாக்கை வைத்துக்கொண்டு முன்னைவிடப் பதினைந்து இடங்கள் கூடுதலாக வென்ற கட்சி இது.

இதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, கட்சியே செய்தது: வெல்ல வாய்ப்புள்ள தொகுதிகளை, குறிப்பாகத் தென் இங்கிலாந்தில் கன்சர்வேட்டிவ் கட்சி முதலிடத்திலும் தாங்கள் இரண்டாமிடத்திலும் இருந்தவற்றைத் தேர்ந்தெடுத்து, ஆளையும் பணத்தையும் அங்கேயே இறக்கினார்கள், மற்ற இடங்களில் பெயருக்கு நின்றார்கள். அத்தொகுதிகளில் லேபர் ஆதரவாளர்கள் பலர் கன்சர்வேட்டிவைத் தோற்கடிப்பதற்காக இவர்களுக்கு வாக்களித்தார்கள். மற்றொன்று, கட்சியின் கையில் இல்லாதது: கன்சர்வேட்டிவ் கட்சி 43.6 சதவீதத்திலிருந்து 23.7 சதவீதத்துக்கு விழுந்தது. அது இழந்த வாக்கில் பெரும் பங்கைப் பிரித்தெடுத்தது இதே ரிஃபார்ம் கட்சிதான். 41 லட்சம் வாக்குகள் வாங்கியவர்களுக்கு 5 இடங்கள் கிடைத்தன. அவர்கள் வாங்கிய வாக்குகளால் பக்கத்துக் கட்சிக்குப் பல இடங்கள் கிடைத்தன. இதைப் படித்துவிட்டுத் தமிழக நண்பர்கள் சிலருக்குத் தங்கள் ஊர்த் தொகுதிகள் நினைவுக்கு வரலாம்.

தாமிரக்கரை

விளக்கங்களுக்கு நன்றி. எப்படி நடக்கிறது என்பது தெளிவாகிவிட்டது. ஆனால் நடப்பதை விளக்குவதும் அதை ஏற்பதும் ஒன்றா என்று கேட்கத் தோன்றுகிறது. 2021இல் நாம் தமிழர் கட்சி 234 தொகுதிகளிலும் தனித்து நின்று 6.58 சதவீதம், அதாவது முப்பது லட்சம் வாக்குகள் பெற்றது. ஓர் இடமும் இல்லை. அதே தேர்தலில் விடுதலைச் சிறுத்தைகள் 6 இடங்களில் நின்று, ஒரு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவான வாக்கோடு 4 இடங்களில் வென்றார்கள். விசிகவின் வெற்றியில் எனக்குக் குறை ஏதும் இல்லை. அந்த முப்பது லட்சம் பேர் சட்டமன்றத்தில் யார் வழியாகப் பேசுவார்கள் என்பதுதான் என் கேள்வி. 2014 மக்களவைத் தேர்தலில் உத்தரப் பிரதேசத்தில் பகுஜன் சமாஜ் கட்சி ஏறத்தாழ 20 சதவீதம் பெற்றும் 80 இடங்களில் ஒன்றில்கூட வெல்லவில்லை. ஐந்தில் ஒருவரின் வாக்கு எங்கே போயிற்று?

வழக்குரை

இந்தக் கேள்வி நம் அரசியல் நிர்ணய சபையிலேயே எழுந்தது. 1949 ஜனவரியில் காஜி சையத் கரிமுத்தீன் விகிதாசாரத் தேர்தல் முறையை வலியுறுத்தித் திருத்தம் கொண்டுவந்தார். அதற்கு விடையளித்த அம்பேத்கர், பரவலான எழுத்தறிவு இல்லாத நாட்டில் அந்த முறையை மக்கள் கையாள்வது கடினம் என்றும், சபை பல சிறு குழுக்களாகச் சிதறி நிலையான அரசு அமையாமல் போகும் என்றும் காரணம் கூறினார். முதல் காரணம் இன்று பெருமளவு வலுவிழந்துவிட்டது. இரண்டாவது இன்னும் உயிரோடு இருக்கிறது. 1999இல் சட்ட ஆணையம் தன் 170ஆவது அறிக்கையில், மக்களவை இடங்களை 25 சதவீதம் கூட்டி, கூடுதல் இடங்களை மட்டும் பட்டியல் முறையில் கட்சிகளின் வாக்கு வீதத்துக்கேற்ப நிரப்பலாம் என்று பரிந்துரைத்தது. அது பரிந்துரையாகவே கிடக்கிறது.

நியூசிலாந்து மாறியது. 1981இல் அங்கே சோஷியல் கிரெடிட் கட்சி 20 சதவீதத்துக்கு மேல் பெற்று 2 இடங்களோடு நின்றதும், 1978, 1981 ஆகிய இரு தேர்தல்களிலும் லேபர் கட்சி கூடுதல் வாக்கு பெற்றும் ஆட்சியைப் பிடிக்க முடியாமல் போனதும் மக்களிடம் மனக்குறையை வளர்த்தன; 1993இல் பொது வாக்கெடுப்பு நடந்து, 1996 முதல் தொகுதியும் கட்சிப் பட்டியலும் சேர்ந்த கலப்பு விகிதாசார முறை வந்தது. நான் கவனித்தவரை, சிறு கட்சி நொந்தால் முறை மாறுவதில்லை. மாறி மாறி ஆளும் பெரிய கட்சிகளில் ஒன்றாவது நொந்தால்தான் அசைகிறது. இலங்கையில் நடந்ததும் அதுவே. 2014இல் 23.6 சதவீதம் பெற்றும் மக்களவையில் ஓர் இடமும் இல்லாமல் போன திமுக, ஐந்தாண்டு கழித்து இதே முறையால் பெருவெற்றி பெற்றது. அப்படிப்பட்ட கட்சிக்கு முறையை மாற்றும் அவசரம் எங்கிருந்து வரும்?

விகிதாசாரத்திலும் வாக்கு வீணாகாமல் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியில் 5 சதவீத வாசற்படி உண்டு. 2025 தேர்தலில் சாரா வாகன்க்னெக்ட் தொடங்கிய கட்சி 4.98 சதவீதத்தில் நின்று, நாடாளுமன்றத்துக்கு வெளியிலேயே இருக்க நேர்ந்தது.

வடபெண்ணை

சரி, முறை இப்போதைக்கு மாறப்போவதில்லை என்றே வைத்துக்கொள்வோம். லண்டன் நண்பர் சொன்னபடி, தனித்து நிற்க விரும்பும் கட்சி முப்பது தொகுதிகளைத் தேர்ந்தெடுத்து அங்கேயே ஐந்தாண்டு உழைத்தால் மூன்று நான்கு இடங்களாவது கிடைக்காதா? 234இலும் ஆள் நிறுத்தி ஏறக்குறைய எல்லா இடங்களிலும் டெபாசிட் இழப்பதில் என்ன பெருமை இருக்கிறது என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

வழக்குரை

பெருமையைவிடச் சட்டம் அதிகமாகச் சம்பந்தப்பட்டிருக்கிறது, வடபெண்ணை அவர்களே. 1968ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஒதுக்கீட்டு ஆணைப்படி மாநிலக் கட்சியாக அங்கீகாரம் பெற்றால்தான் நிலையான சின்னம் கிடைக்கும். அதற்குச் சட்டமன்றத் தேர்தலில் 6 சதவீத வாக்கும் 2 இடங்களும் வேண்டும் என்பது வழிகளில் ஒன்று. 2006இல் தேமுதிக 8.38 சதவீதம் பெற்றும் ஓர் இடம் குறைந்ததால் இந்த வாசலில் நின்றுவிட்டது. அந்த விதியை எதிர்த்து அக்கட்சி தொடுத்த வழக்கில், 2012இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர் விதி செல்லும் என்றனர், ஒருவர் மாறுபட்டார்.

இதற்கிடையே 2011இல் ஆணை திருத்தப்பட்டு, இடமே இல்லாவிட்டாலும் 8 சதவீத வாக்கு போதும் என்ற புது வழி திறந்தது. இந்த வழி, மாநிலம் முழுவதும் விழும் வாக்கை எண்ணுகிறது. முப்பது தொகுதிகளில் மட்டும் தனித்து நிற்கும் கட்சி எவ்வளவு உழைத்தாலும் மாநில அளவில் 8 சதவீதத்தை எட்ட முடியாது. அதற்கு அந்த முப்பதிலும் அறுபது சதவீதத்துக்கு மேல் வாங்க வேண்டும். 234இலும் நிற்கும் கட்சிக்கு அது எட்டக்கூடிய எண். 2024 மக்களவைத் தேர்தலில் கரும்பு விவசாயி சின்னம் வேறொரு கட்சிக்குப் போய்விட, ஒலிவாங்கி சின்னத்தில் நின்ற நாம் தமிழர், ஓர் இடமும் இன்றி 8 சதவீதத்தைத் தாண்டி அங்கீகாரம் பெற்றது. அதே தேர்தலில் சிதம்பரம், விழுப்புரம் ஆகிய இரண்டே தொகுதிகளில் நின்று இரண்டிலும் வென்ற விசிக, இடங்களின் வழியாக அங்கீகாரம் பெற்றுப் பானைச் சின்னத்தை உறுதிசெய்துகொண்டது. ஒருவர் பரப்பினார், ஒருவர் குவித்தார். இருவருக்கும் சின்னம் கிடைத்தது, ஒருவருக்கு மட்டும் இடமும் கிடைத்தது.

டெபாசிட்டைப் பற்றிச் சொன்னீர்கள். சட்டமன்றத்துக்குப் பொது வேட்பாளருக்குப் பத்தாயிரம், பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளருக்கு ஐயாயிரம் ரூபாய். தமிழகத்தில் இப்பிரிவினருக்கென ஒதுக்கப்பட்ட தனித்தொகுதிகள் 46. ஆக, 234இலும் இழந்தாலும் மொத்தம் ஏறத்தாழ 21 லட்சம்தான் போகும். ஒரு பெரிய அணியிடம் ஆறு இடங்களுக்காக மாதக்கணக்கில் பேச்சுவார்த்தை நடத்தி, கடைசியில் அவர்கள் சின்னத்திலேயே நிற்கச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வருவதைவிட, அந்த 21 லட்சம் மலிவானது என்று ஒரு கட்சித் தலைமை கணக்கிட்டால், அந்தக் கணக்கில் பிழை காண்பது எனக்குக் கடினமாகவே இருக்கிறது.